நாற்பத்து மூன்று வெள்ளைப் படங்கள்

முதல் படம் வெள்ளையாக இருந்தது.

சரி, முதல் படம்தானே, கை தவறியிருக்கும் என்று இரண்டாவதைத் திறந்தேன். அதுவும் வெள்ளை. பத்தாவது படத்துக்கு வந்தபோது, கெட்டுப்போனது லேப்டாப்தான் என்று முடிவு கட்டி, திரையை லுங்கி நுனியால் துடைத்தேன். திரை பளிச்சென்று ஆயிற்று. வெள்ளை இன்னும் வெள்ளையாயிற்று.

டாக்குரியாவில் எங்கள் ஃப்ளாட், சாப்பாட்டு மேஜை, காலை எட்டு மணி இருக்கும். முந்தின நாள்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தோம். ஸ்வெட்டர்களின் பாச்சை உருண்டை வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. கீழே தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். என் மனைவி வசந்தா பின்னால் வந்து தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வீட்டுக்கு வெள்ளையடிக்க ஷேடு பாக்கறீங்களா?"

"கஞ்சன்ஜங்கா."

"எங்கே?"

"அதைத்தான் நானும் தேடறேன்."

படத்தின் கீழ்ப்பாதி அருமையாக வந்திருந்தது. பள்ளத்தாக்கு, பைன் மரங்கள், ஒரு தகரக் கூரை, கூரை மேல் ஒரு பூனை. பூனையின் மீசையைக்கூட எண்ணிவிடலாம். உலகத்தின் மூன்றாவது உயரமான மலை மட்டும் இல்லை.

எனக்குப் பதற்றம் வந்தால் பசிக்கும். பிறவிக் கோளாறு. அன்றைக்கு நாற்பத்து மூன்று படங்களையும் பார்த்து முடிப்பதற்குள் ஒன்பது இட்லி உள்ளே போயிருந்தது. பத்தாவதைத் தட்டிலிருந்து வசந்தா எடுத்துவிட்டாள். "மலைதான் போச்சு. மாவாவது மிஞ்சட்டும்."

போனை உள்ளே வையுங்கள்!

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு. ஏழு வங்காளி, ஒன்று நாங்கள். அப்பா பேங்க் வேலையாக இந்த ஊருக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே அதே மாதிரி ஒரு பேங்க்கில் உட்கார்ந்திருப்பவன். இவர்களுக்கு நான் மோனிதா. அதாவது மோனி தாதா, மணி அண்ணன்.

துர்கா பூஜை முடிந்ததும் வங்காளிக்கு மலை ஏற வேண்டும். அது ஒரு வியாதி. இந்த முறை பதினான்கு பேர் கிளம்பினோம். அதில் முக்கியமானவர் மூன்றாவது மாடி நிர்மல்தா. எழுபதைத் தாண்டியவர். அரசாங்க வரைபட அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் மலைகளை வரைந்தவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். கஞ்சன்ஜங்காவின் ஒவ்வொரு முகடும் அவர் விரலுக்குத் தெரியும். கண்ணுக்குத்தான் தெரியாது. ஐந்து தடவை போயிருக்கிறார். ஐந்து தடவையும் மேகம். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் பௌதி என்போம், அதாவது அண்ணி. பௌதி சொல்வாள்: "எனக்குப் புகுந்த வீட்டில் மாமியார் இல்லை. அந்த மலைதான் மாமியார். முகமே கொடுக்காது."

இந்த முறை, அவர் ஆறாவது தடவை போனபோது, மலை முகம் கொடுத்தது. விடியற்காலையில் யாரோ கத்தினார்கள். எல்லோரும் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். நிர்மல்தா ஓடவில்லை. ராத்திரியிலிருந்தே அவருக்கு மூச்சு வாங்கியது. லாட்ஜ்காரர் ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்து மாட்டியிருந்தார். பௌதி அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. அந்த அறையின் ஜன்னல் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து இருந்தது.

மேட்டில் நான் ட்ரைபாடை நட்டேன். முந்தின நாள் மாலையே கரண்ட் போய்விட்டதால் பாதிப் பேர் போனில் உயிர் இல்லை. உயிர் இருந்தவர்கள் போனைத் தூக்கினார்கள். நான் கையை உயர்த்தினேன்.

"போனை உள்ளே வையுங்க! குறுக்கே நிக்காதீங்க. கண்ணால பாருங்க. வாழ்க்கையில ஒரு தடவையாவது கண்ணால பாருங்க. படம் என் பொறுப்பு."

என்ன கம்பீரம்! எல்லோரும் வைத்துவிட்டார்கள். ஏழெட்டு நிமிஷம். மலை சிவந்தது, பொன்னாயிற்று, மேகம் திரையை இழுத்து மூடிவிட்டது. நான் நாற்பத்து மூன்று தடவை க்ளிக்கினேன்.

அப்படியே நேராக நிர்மல்தாவின் அறைக்குப் போய் கேமராவைத் தட்டிக் காட்டினேன். "தாதா, கவலையே படாதீங்க. மலையைப் பிடிச்சு இந்தப் பெட்டியில போட்டுட்டேன்."

அவர் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றாமலே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இறங்கும் வழியில் பார்த்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இனி இவர் உயரமான இடத்துக்கே போகக்கூடாது.

சுட்ட தோசை

குற்றத்தைச் சொன்னால் போதாது, செய்முறையையும் சொல்ல வேண்டும். கேமரா வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஒன்று உண்டு. அது ஒரு மாதிரியான அதிகாரி. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் "நடுத்தரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடும். பனியைக் காட்டினால், இவ்வளவு வெள்ளை ஆகாது என்று அழுக்குச் சாம்பல் ஆக்கும். இருட்டைக் காட்டினால், இவ்வளவு கறுப்பு ஆகாது என்று வெளுத்துவிடும். அதனால் பனிக்கும் மூடுபனிக்கும் நாமாக வெளிச்சத்தை ஒரு படி, இரண்டு படி கூட்டிச் சொல்ல வேண்டும்.

முந்தின நாள் முழுக்க மூடுபனி. நான் கேமராவில் இரண்டு படி கூட்டி வைத்தேன். அழகான படங்கள். இந்த ஞானத்தைப் பற்றிப் பதின்மூன்று பேருக்கும் மோமோ கடையில் அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். கூட்டியதைக் குறைக்கத்தான் மறந்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் பள்ளத்தாக்கு இருட்டு, உச்சி மட்டும் வெளிச்சம். இருட்டைப் பார்த்த அதிகாரி தன் பங்குக்கு வெளுத்தார். என் இரண்டு படி அதற்கு மேல். மலை எரிந்துவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் உச்சிக்குத்தான் அளவு பார்க்க வேண்டும், கொஞ்சம் குறைத்தே எடுக்க வேண்டும். நம்பிக்கை இல்லாவிட்டால் மூன்று அளவில் மூன்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். மோமோ கடையில் சொன்னேனே!

எடுத்ததும் திரையில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். குளிரில் பாட்டரி சீக்கிரம் தீரும் என்று திரையை அணைத்து வைத்திருந்தேன். என் முன்ஜாக்கிரதை என்னைக் கொன்ற கதை இது.

இன்னொன்றும் உண்டு. ரா ஃபைல் என்று ஒரு வகை இருக்கிறது. அது மாவு. ஒன்று சரியில்லை என்றால் வேறொன்று வார்த்துக்கொள்ளலாம். ஜேபெக் என்பது சுட்ட தோசை. கருகினால் கருகியதுதான். மோமோவை ஐம்பத்தாறு கோணத்தில் எடுத்ததில் கார்டு அநேகமாக நிரம்பிவிட, ராத்திரி நான் குறைவாக இடம் பிடிக்கிற ஜேபெக்குக்கு மாறியிருந்தேன். என் தோசை வெள்ளையாகக் கருகியிருந்தது.

பரம்பரை

எங்கள் அப்பாவிடம் ஒரு ஃபிலிம் கேமரா இருந்தது. ஒரு கோடை விடுமுறையில் மெட்ராஸ் போய், இரண்டு கோவில், ஒரு கல்யாணம், மெரினாவில் சித்தப்பா குடும்பம் எல்லாவற்றையும் மூச்சை அடக்கி அடக்கி எடுத்தார். ஊர் திரும்பி ஸ்டூடியோவுக்குப் போனபோதுதான் தெரிந்தது, உள்ளே ஃபிலிமே போடவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டூடியோக்காரன் கழுவும்போது கெடுத்துவிட்டான் என்று எல்லோருக்கும் கடிதம் எழுதினார். சித்தப்பா சாகும்வரை அந்த முகம் தெரியாத ஸ்டூடியோக்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தார். அப்பாவும் கூடச் சேர்ந்து திட்டினார்.

ஆக, தவறு செய்வதும் எங்கள் குடும்ப வழக்கம்தான். மறைப்பதும் வழக்கம்தான்.

புதுக் கண்ணாடி

எங்கள் கட்டடத்தில் ஒரு முறை உண்டு. யார் சுற்றுலா போய் வந்தாலும் அடுத்த ஞாயிறு மாலை கீழ்க் கூடத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, ப்ரொஜெக்டரில் படம் காட்ட வேண்டும். பொரியும் சூடான பேகுனியும் வரும். பேகுனி என்பது கத்தரிக்காய் பஜ்ஜி. ஞாயிறுக்கு ஐந்து நாள் இருந்தது.

அன்று மாலையே நிர்மல்தா என்னை மாடிப்படியில் பிடித்துவிட்டார்.

"மோனி, எப்படி வந்திருக்கு?"

"வெளிச்சமா வந்திருக்கு தாதா." பொய் இல்லை.

"இப்பவே காட்டு."

"ஞாயித்துக்கிழமை பெருசாப் பாருங்க. லேப்டாப்ல பாத்தா அதோட மரியாதை என்ன ஆகிறது?"

அவர் சிரித்தார். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். "மலைப் படம் எங்கிட்ட காலண்டர்லயே நாப்பது இருக்கு மோனி. எனக்கு மலை வேண்டாம். அந்தக் காலை வேணும். இருநூறு அடி தள்ளி நான் தண்ணித் தொட்டியைப் பாத்துட்டுப் படுத்திருந்தேனே, அந்த ஏழு நிமிஷம் வேணும். அவ்வளவுதான்."

புதன்கிழமை அதே மாடிப்படியில் மறுபடி பிடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தார். "பாலிகஞ்ச் போய் புதுக் கண்ணாடி வாங்கிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமைக்காக."

நான் வீட்டுக்குப் போய் அரை டப்பா முறுக்கு தின்றேன்.

ஒளியைக் குறைக்கிற பட்டனையெல்லாம் இழுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சுவர் சாம்பல் சுவராயிற்று. வெள்ளிக்கிழமை ஜாதவ்பூரில் படங்களைச் சரிசெய்து கொடுக்கிற ஒருவரிடம் ஐந்தாறு படங்களை எடுத்துப் போனேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாதா, இதில ஒண்ணுமே பதியல. இல்லாததை நான் எங்கேருந்து எடுக்கிறது?" பிறகு ஆறுதலாக, "பூனை நல்லா வந்திருக்கு" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் புத்தி கெட்டது. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். பல வருஷத்துக்கு முன் நானும் வசந்தாவும் மட்டும் அதே மேட்டுக்குப் போயிருந்தோம். அன்றைக்கும் மலை தெரிந்தது. பொன் நிறம், ஒரு மேகத் துணுக்கு, எல்லாம் கச்சிதம்.

வசந்தா பார்த்துவிட்டாள். "இது அன்னிக்கு எடுத்தது. எனக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உங்க பக்கத்துல நின்னேன்."

"அதே இடம்தானே? அதே மலைதானே? மலை என்ன நடந்தா போயிடுச்சு?"

"அப்ப அதையே அவர்கிட்ட சொல்லுங்க. காலையில எடுத்தது போச்சு, இது பழசுன்னு."

"சொல்லலாம்."

"சொல்லுவீங்களா?"

"நாளைக்கு நிலைமையைப் பாத்து."

"உங்க அப்பாவே தேவலை" என்றாள். "அவர் முகம் தெரியாத ஸ்டூடியோக்காரன் மேல பழி போட்டதோட நிறுத்திக்கிட்டார்."

ஞாயிறு, ஐந்து மணி

கூடம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் நடு நாற்காலி நிர்மல்தாவுக்கு. புதுக் கண்ணாடி, இஸ்திரி போட்ட ஜிப்பா. கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் அதுவரை நாலு பேகுனி தின்றிருந்தேன்.

மோமோ ஓடியது. மூடுபனி ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது அதுதான். இப்போது எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். விரல் பட்டனை அழுத்திவிட்டது.

விரிப்பு முழுக்கப் பொன்.

"ஆஹா! இதுதான், இதேதான்!" என்றார் முதல் மாடி வக்கீல்.

"அந்த மேகத்தைப் பாருங்க. அதை நான்தான் எல்லாருக்கும் காட்டினேன்" என்றாள் அவர் மனைவி.

"இந்த நிறம் வந்தப்ப எனக்குக் கண்ணீர் வந்துடுச்சு" என்றார் இன்னொருவர்.

அந்த மேட்டில் நின்றவர்கள் அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு மெல்ல மூச்சு திரும்பிக்கொண்டிருந்தது. அப்போது நிர்மல்தா எழுந்தார்.

விரிப்பை நோக்கி நடந்தார். அவர் நிழல் மலையின் பாதியை மறைத்தது. இடது கையை எடுத்து, பொன் பூசிய இடது சரிவின் மேல் வைத்தார். பிறகு வலது சரிவில், இருட்டு விழுந்திருந்த இடத்தில் வைத்தார். மறுபடி இடதுபக்கம் வந்தார். ரொம்ப நேரம். பொரி கொறிக்கிற சத்தம்கூட நின்றுபோயிற்று. ப்ரொஜெக்டரின் விசிறி மட்டும் இரைந்தது.

திரும்பி என்னைப் பார்த்தார். ஒளி கண்ணாடியில் அடித்ததால் கண் தெரியவில்லை.

"சுந்தர்" என்றார். அழகு. போய் உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டினார்கள். இருட்டில் வசந்தா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

திங்கள் காலை

ஏழு மணிக்கே பௌதி போன் செய்தாள். "உங்க தாதா மேலே வரச் சொல்றார். லேப்டாப்போட."

மூன்று மாடி. ஒவ்வொரு படியிலும் ஒரு பொய் தயாரித்தேன். மேலே போவதற்குள் நல்லதாக நாலைந்து தேறியிருந்தது. கார்டு மாறிவிட்டது, கேமரா தானாக நிறத்தைத் திருப்பிவிட்டது, இந்த மாதிரி.

நிர்மல்தா மேஜை முன்னால் இருந்தார். உட்காரச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மோனி, ஒண்ணு சொல்லு. நாம தெற்கேயிருந்து வடக்கே மலையைப் பாக்கறோம். கிழக்கு எந்தக் கைப்பக்கம்?"

"வலது கை."

"உன் படத்தில வெளிச்சம் இடதுகைப் பக்கம் அடிச்சிருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு சூரியன் மேற்கே உதிச்சுதா?"

நாலைந்து பொய்யும் ஒன்றாக ஓடிவிட்டன. சாயங்காலப் படம்! அது பொன்னாக இருந்ததைப் பார்த்தேனே தவிர, பொன் எந்தப் பக்கம் இருந்தது என்று பார்க்கவில்லை. நேரில் பார்த்த பன்னிரண்டு பேரும் பார்க்கவில்லை. பார்க்காத ஒரு மனிதர் பார்த்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு படி, பாட்டரி, மோமோ, ஹார்ட் டிஸ்க், பல்வலி. சொல்லச் சொல்ல எனக்கு, முதல் தடவையாக, பசிக்கவில்லை.

ஏமாற்றியதற்கு அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். திட்டவில்லை. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது.

"அப்போ அந்தக் காலை இல்லை."

"எரிஞ்சுபோச்சு தாதா. நாப்பத்து மூணும் வெள்ளை."

"காட்டு."

"அதில ஒண்ணும் இல்லை. ஜாதவ்பூர்க்காரரே..."

"நாப்பத்து மூணையும் பாத்தாரா?"

"அஞ்சாறு காட்டினேன்."

"மூணு காலில நிறுத்தித்தானே எடுத்தே? நடுவில கேமரா நகரலையே?"

"ஒரு மயிரிழைகூட நகரலை."

"காட்டு."

முதல் படத்தைத் திறந்தேன். அவர் திரைக்கு மூக்கு முட்டுகிற தூரத்தில் குனிந்தார். ஒளியைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். இன்னும் என்றார். எனக்குச் சாம்பல் சுவர்தான் தெரிந்தது. சுவரில் அவர் விரலை வைத்தார்.

"இது என்ன?"

ஒரு கோடு. சூரியன் படுவதற்கு முந்தின நொடியில் எடுத்த படம். வானம் கொஞ்சம் நீலம், மலை கொஞ்சம் வெளுப்பு, இரண்டுக்கும் நடுவே தலைமுடி கனத்தில் ஒரு விளிம்பு. ஒரு அங்குலம்கூட இருக்காது. அதற்கப்புறம் வெள்ளை.

"அடுத்தது."

அடுத்ததில் அந்தக் கோடு இல்லை. ஆனால் இடதுபுறம், வெயில் படாத சரிவில், புகை மாதிரி ஒரு நிழல். அதற்கடுத்ததில் மேகம் நகர்ந்து வேறோர் இடத்தில் ஒரு வெட்டு. ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு துண்டு எரியாமல் மிஞ்சியிருந்தது. நான் ஒரு படத்தில் முழு மலையைத் தேடினேன். அவர் முழு மலையை நாற்பத்து மூன்றில் தேடினார்.

இழுப்பறையைத் திறந்து மெல்லிய டிரேசிங் தாள் ஒன்றை எடுத்தார். திரைமேல் விரித்து நாலு மூலையிலும் டேப் ஒட்டினார். பென்சிலைச் சீவினார். முதல் கோட்டின் மேல், திரைக்கு வலிக்குமோ என்பது போல, முனையை வைத்தார்.

"அடுத்தது" என்றார். நான் பட்டனை அழுத்தினேன். கேமரா நகராததால் ஒவ்வொரு துண்டும் அதனதன் இடத்தில் வந்து விழுந்தது. நாலு படத்துக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். "வேணாம் தாதா, அப்புறம் பாக்கலாம்" என்றேன். "ஏழு நிமிஷம்தான் இருக்கும்னு சொன்னியே. அழுத்து."

தனக்குத் தெரிந்த முகடுகளை அவர் ஓர் இடத்திலும் சேர்க்கவில்லை. கேட்டேன். "நடு உச்சியில ஒரு சின்ன இடைவெளி இருக்கே. உங்களுக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே, போட்டுடுங்களேன்."

"தெரிஞ்சதைப் போட்டா அது எங்க ஆபீஸ் மலை" என்றார். "அன்னிக்கு இருந்தது எதுவோ அது மட்டும். அடுத்தது."

இந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருத்திக்கு எல்லாம் முன்பே தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். கீழ்க் கூடத்தில் சத்தியம் செய்தவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வசந்தா தினமும் சொல்கிறாள்.

முப்பதாவது படமோ என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. பௌதி இரண்டு கப் டீயோடு வந்தாள். வெளுத்த திரையை, அதன் மேல் ஒட்டிய தாளை, குனிந்திருந்த புருஷனைப் பார்த்தாள். ஆறு தடவை மலைக்குப் போய் ஆறு தடவையும் பார்க்காமல் வந்தவள்.

"என்ன, இங்கேயும் மேகமா?" என்றாள்.

நிர்மல்தா தலையைத் தூக்கவில்லை. பென்சில் நடு உச்சிக்குக் கீழே ஏறிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதே. டீயை வெச்சுட்டு வந்து உக்காரு. வெளியே வந்துகிட்டிருக்கு."